ஒண்ணு தொட்டா போரும்

பாறசாலையில் பஸ் ஏறி நெய்யாற்றின்கரையில் இறங்குவதற்குள் இந்த இனத்தில் ஒருவரையாவது நீங்கள் பார்த்துவிடலாம். முகத்தை வைத்து அடையாளம் காண முடியாது. விரலை வைத்துக் காணலாம். பக்கத்து இருக்கைக்காரர் கைப்பேசியில் எதையோ தேடித் தடுமாறினால் போதும், அந்தச் சுட்டுவிரல் கேட்காமலே குறுக்கே வந்து, அங்கே ஒரு தட்டு, இங்கே ஒரு இழுப்பு, ஓரத்தில் ஒரு அழுத்து என்று எதிராளி கண் கொட்டுவதற்குள் வேலையை முடித்து, "இதுல என்ன உண்டு? ஒண்ணு தொட்டா போரும்" என்று சொல்லிவிட்டுப் பின்வாங்கும். தொட்டது மூன்று. கணக்கில் வருவது ஒன்று. இவரைத் தொட்டால்போதும் ஆசாமி என்று அழைப்போம்.

இந்த ஆசாமி பொருள்களை வாங்குவது பயன்படுத்தவா? இல்லவே இல்லை, விளக்குவதற்கு. யாரும் விளக்கம் கேட்காமலே இயங்கிவிடுகிற பொருளால் அவருக்கு என்ன லாபம், சொல்லுங்கள்.

அமரவிளையில் புது வீடு கட்டிய பொன்னப்பனை இந்த இனத்தின் தலைமகன் என்றே சொல்லலாம். மஸ்கட்டில் ஒரு பெரிய ஹோட்டலில் பராமரிப்பு வேலை பார்த்தவர். எந்தச் சுவிட்சால் எந்த விளக்கை அணைப்பது என்று தெரியாமல் விருந்தாளிகள் கூப்பிட, அறை அறையாகப் போய் அணைத்துக் கொடுத்து, நன்றி வாங்கிக்கொண்டு திரும்பிய காலம் அது. அந்த நன்றியின் ருசி ஊர் திரும்பிய பிறகும் நாக்கை விட்டுப் போகவில்லை. ஆகவே புது வீட்டின் முன்னறையில் ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே வடிவத்தில் இரண்டு வரிசைத் தொடுசுவிட்சுகள் வைத்தார். விசிறிக்குத் தொட்டால் கேட் விளக்கு எரியும். கேட் விளக்குக்குத் தொட்டால் மோட்டார் ஓடும். முன்வாசல் கண்ணாடிக் கதவின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நீளப் பிடி. பிடியைக் கண்டவர்கள் இழுத்தார்கள், கதவோ உள்ளேயிருந்து வெளியே போகத் தள்ளினால்தான் நகரும். கதவை மாற்றினாரா? 'தள்ளு' என்று தமிழில் ஒன்றும் மலையாளத்தில் ஒன்றுமாகத் தாள் ஒட்டினார். வந்தவர்கள் இரண்டு மொழியிலும் வாசித்துவிட்டு இழுத்தார்கள்.

குடியேறுவதற்கு முன்பே, வேலையைப் பார்க்க வந்துபோனதிலேயே, அவர் மனைவி விலாசினி இதற்கெல்லாம் பழகிக்கொண்டாள். சுவரைத் தொடாமல் கைப்பேசி வெளிச்சத்திலேயே நடக்கக் கற்றுக்கொண்டாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அடுக்களையில் திருகு வைத்த அடுப்பு. ஒரு பக்கம் திருப்பினால் தீ கூடும், மறுபக்கம் திருப்பினால் குறையும், கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். "அதெல்லாம் பழைய ஏர்ப்பாடு எட்டி" என்று சொல்லிவிட்டுப் பொன்னப்பன் கறுப்புக் கண்ணாடிப் பலகை ஒன்றைப் பதித்தார். அதில் திருகு இல்லை, தீ இல்லை, எழுத்தும் இல்லை. தொட்டால்தான் எழுத்தே வரும். எங்கே தொடுவது? எழுத்து வரும் இடத்தில்தான்.

பால்காய்ச்சு நாள் வந்தது. புது வீட்டின் முதல் பால் பொங்கி, பாத்திரத்தின் வாய் வழிந்து ஒழுக வேண்டும். ஒழுகினால்தான் வீட்டுக்கு நிறைவு. ஒன்பதரைக்குள் முகூர்த்தம் என்று ஜோசியர் குறித்திருந்தார். விலாசினிக்கு ஜோசியத்தில் பெரிய பிடிப்பு கிடையாது. ஆனால் கல்யாணமானதிலிருந்து மாமியார் வீட்டிலும் வாடகை வீடுகளிலும் பிறர் அடுப்பில் சமைத்தவள் அவள். தன் வீட்டில் தன் பால் பொங்கி வழிவதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நெஞ்சு முட்ட ஆசைப்பட்டாள். புதுக் கலத்தில் காய்ச்சலாம் என்று நினைத்திருந்தாள். இந்த அடுப்பில் மண்கலம் சூடேறாது என்று தெரிந்ததும் எவர்சில்வர் பாத்திரத்துக்கு இறங்கி வந்தாள்.

சொந்தபந்தம் சூழ்ந்து நிற்க அவள் பாலை வைத்தாள். பொன்னப்பன் தொட்டார். பீப். மறுபடி தொட்டார். பீப். சரியாகத் தொட்டாலும் பீப், தப்பாகத் தொட்டாலும் அதே பீப். பலகையில் சின்னப் பூட்டு ஒன்று மின்னியது. பிள்ளைகள் தொட்டுவிடாமல் இருக்க அடுப்பு தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும் என்று விளக்கம் வந்தது. திறப்பதற்கு விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே நிற்க வேண்டுமாம். எந்த இடத்தில் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. வேர்வையைத் துடைத்து, மஸ்கட் கதை ஒன்றை இடையில் ஓட்டி, எப்படியோ திறந்தார். பால் சூடேறியது, நுரைத்தது, எழும்பியது. பெண்கள் குரவையிட வாயெடுத்தார்கள். முதல் சொட்டு வழிந்து கண்ணாடியில் விழுந்தது.

பீப் பீப் பீப். அடுப்பு அணைந்தது. பால் இறங்கிப் படுத்துவிட்டது.

பொன்னப்பன் அசரவில்லை. எல்லோர் பக்கமும் திரும்பி, இதுதான் இந்த அடுப்பின் விசேஷமே என்றார். பால் பொங்கி விழுந்தால் தானே அணைந்துவிடும், ஆபத்து வந்தால் அதற்குத் தெரியும். ஆமாம், அதற்கு எல்லாம் தெரியும். இத்தனை பேர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பால் பொங்குவதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியாது. அதை உண்டாக்கியவர்கள் எவ்வளவோ பாலைக் காய்ச்சிச் சோதித்திருப்பார்கள். பொங்கினால் சந்தோஷப்படுகிற ஒருத்தியை மட்டும் அவர்கள் எங்கும் சந்திக்கவில்லை.

துடைத்துவிட்டு இரண்டாம் முறை வைத்தார்கள். மறுபடியும் முதல் சொட்டு, மறுபடியும் பீப் பீப் பீப். பொன்னப்பன் கைப்பேசியை எடுத்து, அடுப்புக்கென்று ஒரு ஆப் உண்டு, அதில் ஒண்ணு தொட்டா போரும் என்றார். ஆப் முதலில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்றது. கடிகாரத்தில் பெரிய முள் ஐந்தை நெருங்கியது. விலாசினி அவரை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள்.

"இஞ்ச பாருங்க," என்றாள். "இதுக்குப் பால் பொங்கண்டாம். எனக்குப் பொங்கணும்."

முந்தானையால் பாத்திரத்தைப் பிடித்துத் தூக்கினாள். கண்ணாடிக் கதவை ஒரு கையால் இழுத்துப் பார்த்து, நினைவு வந்து, இடுப்பால் தள்ளிக்கொண்டு வெளியேறினாள். முற்றத்தின் ஓரத்தில் விருந்துச் சமையலுக்குப் போட்ட தகரப் பந்தலில் சமையல்காரன் ஷிபு பாயசம் கிண்டிக்கொண்டிருந்தான்.

"எலே ஷிபு, ஒரு அடுப்பு ஒழிச்சுத் தா மக்கா."

அவன் பாயச உருளியை இறக்கினான். அவள் பாத்திரத்தை ஏற்றித் திருகைத் திருப்பினாள். தீ எழுந்தது. இன்னும் திருப்பினாள், இன்னும் எழுந்தது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கதவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து சேர்வதற்குள் பால் நுரைத்து, விளிம்பில் குவிந்து, நாலு பக்கமும் வழிந்து தீயில் சுரீரென்று விழுந்தது. முகூர்த்தம் தாண்டவில்லை. குரவை அடுத்த வீட்டுத் தோட்டம், அதற்கும் அடுத்த விளைவரை கேட்டது. விலாசினி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பொன்னப்பனுக்கும் உள்ளபடியே சந்தோஷம்தான். நம்ம விளையிலதானே பொங்கிச்சு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு நடந்தார்.

விலாசினி ஜெயித்தாள் என்று இங்கேயே முடித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் பொங்கிய பாலில் சீனி போட்டு எல்லோருக்கும் கொடுக்க வேண்டுமே. பொன்னப்பனின் தங்கை ஓமனா அடுக்களைக்குள் போய், விலாசினி பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்து வரிசையாக அடுக்கியிருந்த டப்பாக்களில் 'சீனி' என்று எழுதியிருந்ததைத் திறந்து, தாராளமாக அள்ளிப் போட்டுக் கலக்கி, முதல் டம்ளரை அண்ணனிடம் நீட்டினாள். ஒரு வாய் குடித்த பொன்னப்பன் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார்.

"மைனி, சீனின்னுதானே எழுதியிருந்து?" என்றாள் ஓமனா.

"அந்த டப்பா மூடி லூசு. சீனி வச்சா எறும்பு கேறும். அதனால அதுல உப்பு. சீனி தேயிலை டப்பாவுலயாக்கும். தேயிலை மேல உள்ள பிஸ்கட் டப்பாவுல," என்றாள் விலாசினி, இதைக்கூடவா சொல்லித் தர வேண்டும் என்கிற முகத்தோடு. "இதுல என்ன உண்டு? ஒண்ணு தொறந்து பாத்தா போரும்."

பொன்னப்பன் உப்புப் பாலை மடக்கென்று விழுங்கிவிட்டு மனைவியை அன்போடு பார்த்தார். இத்தனை வருடம் கழித்து, சொந்த இனத்திலேயே பெண் எடுத்திருக்கிறோம் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டுப் பின்வாசல் தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் தள்ளினால்தான் விழும், இல்லையா? மிக்ஸியை ஓட்ட ஜாரை ஒரு கையால் அமுக்கிக்கொள்ள வேண்டும், டிவிக்கு ஒரு ரிமோட், சத்தத்துக்கு இன்னொரு ரிமோட், அதில் பேட்டரி கழன்றுவிடாமல் ஒரு ரப்பர் பேண்ட். விருந்தாளி தடுமாறினால் 'அவருக்கு ஒண்ணும் தெரியல' என்றுதானே உங்களுக்கும் தோன்றுகிறது? இதோ, உங்கள் வீட்டுக் குளியலறையிலிருந்து யாரோ, சுடுதண்ணீர் எந்தப் பக்கம் திருப்பினால் வரும் என்று சத்தமாகக் கேட்கிறார்கள். எழுந்து போய்ச் சொல்லுங்கள். போகிற வழியில் உங்கள் சுட்டுவிரலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள்.