செபப் புத்தகத்தில் ஒரு கரடி

டீத்தூளை நம்பி, பால் கறக்கிற ஆட்டைப் பந்தயம் கட்டின மனுசனை நீங்க எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? நான் கல்யாணமே பண்ணியிருக்கேன்.

எங்க இண்டூர்ல பச்சியப்பன் கடைக்குப் புதுசா ஒரு டீத்தூள் வந்தது. பாக்கெட்டுக்குள்ளே ஒரு படச்சீட்டு. யானை, முயல், மான்னு மொத்தம் பன்னிரண்டு. பன்னிரண்டையும் முதல்ல சேர்த்துக் கொண்டுவர்றவங்களுக்கு ஒரு பிரஷர் குக்கர். கடைக்கு ஒண்ணுதான்.

அன்னிக்கிலிருந்து எங்க வூட்டில் ஒரு நாளைக்கு ஆறு தடவை டீ. என் வூட்டுக்காரர் சவரிராயன் தக்காளிக்குத் தண்ணி பாய்ச்சுறதை மறந்துட்டுப் படைத்தளபதி ஆயிட்டார். பக்கத்து வூட்டுக் கஸ்பார்தான் எதிரி நாடு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் தெருவே கடை முன்னால் கூடிச் சீட்டு மாத்தும். ஒண்ணுக்கு ஒண்ணு.

எனக்குப் பாடம் வேற. "இதுல மூளைதான் மேரி முக்கியம். எதிராளிக்கு எது வேணுமோ, அது நமக்கு வேண்டாட்டியும் வுடக்கூடாது."

"வேண்டாததை வச்சிக்கிட்டு என்னங்க பண்றது?"

"அவனைத் தவிக்க வுடறது!"

"நமக்கு வேணுங்கிறது?"

"அதை வெளியில காட்டிக்கவே கூடாது. எங்கிட்ட அஞ்சு முயல் இருக்குது. ஆனா கடையில போய், 'ஐயோ, ஒரு முயல் கெடைக்கலியே'ன்னு அழுதேன். இப்ப கஸ்பார் முயலாச் சேர்க்கிறான்!"

கஸ்பாரும் அவர் வூட்டில் இதே பாடம் நடத்திட்டு, கடையில ஆந்தைக்காக அழுதிருக்கார். எங்க வூட்டில் ஏழு ஆந்தை சேர்ந்தது இப்படித்தான்.

கடைசியில் ஊருக்கே ரெண்டு கரடி, ரெண்டும் எங்க வூட்டில். ரெண்டு மயில், ரெண்டும் கஸ்பார் வூட்டில். எங்களுக்கு மயில் மட்டும் இல்லை, அவங்களுக்குக் கரடி மட்டும் இல்லை. மாத்திக்கிட்டா எதிராளியும் முடிச்சிருவானே! ரெண்டு பேரும் அசையலை. பேச்சு முத்திப்போய், கடை முன்னாலேயே பந்தயம் கட்டிட்டாங்க. யார் முதல்ல முடிக்கிறாரோ, அவருக்கு மத்தவர் வூட்டுப் பால் ஆடு.

அந்த ஆட்டுப் பாலைக் குடிச்சுத்தான் என் ஒண்ணரை வயசுப் பாப்பா வளருது. அவருக்கு அது ஞாபகமே வரலை.

சனிக்கிழமை சாயங்காலம் குழாயடியில் கஸ்பார் சம்சாரம் லூர்தம்மா அழாத குறை.

"அக்கா, அவரு திங்கக்கிழமை முதல் பஸ்ஸுல தருமபுரி போறாராம். பஸ் ஸ்டாண்டு கடையில கரடி இருக்குதாம்."

"இவரும் அன்னிக்கே மயில் தேடி அதியமான்கோட்டை போறாரு."

"யாரு ஆடு போனாலும் ஒரு புள்ளைக்குப் பால் போச்சுக்கா."

"உங்க வூட்டு மயில் எங்கே இருக்குது?"

"யாரு கையும் படாத எடத்துல வச்சிருக்கேன்னாரு. நான் களி கிண்ட ராகி டப்பாவுல கையை வுட்டா, உள்ளே தோகையை விரிச்சிக்கிட்டு நிக்குது!"

எனக்குச் சிரிப்பு தாங்கலை. இவரும் யார் கையும் படாத இடமாப் பார்த்து, என் செபப் புத்தகத்தில்தான் கரடிங்களை வச்சிருந்தார். அந்தோனியார் படத்துக்கும் சிறகு வச்ச சம்மனசு படத்துக்கும் நடுவில். அவர் கை படாத இடம்னா உலகத்தில் யார் கையும் படாதாம்! பத்து நாளா நான் கரடி முகத்தில் முழிச்சுத்தான் செபமாலை சொல்றேன்.

"லூர்து, நீ ஒரு மயிலை எடு. நான் ஒரு கரடியை எடுக்கிறேன். மீதிப் பத்தும் ரெண்டு வூட்டுலயும் கொட்டிக் கெடக்குது."

"யாரு பேருல குடுக்கிறது? உங்க பேருன்னா எங்க ஆடு போயிரும். எங்க பேருன்னா உங்க ஆடு."

"ரெண்டும் வேண்டாம். கோயில்ல நம்ம பொம்பளைங்க மாதா சபை இருக்குதில்ல? அது பேருல குடுப்போம். குக்கரை மொறை வச்சிப் பொங்கிக்கலாம்."

மறுநாள் பூசை முடிஞ்சது. பச்சியப்பன் பன்னிரண்டையும் ரெண்டு தடவை எண்ணிட்டு, குக்கரை எங்க கையில் கொடுத்தார். கஸ்பார் இவரைப் பார்த்தார். இவர் கஸ்பாரைப் பார்த்தார். அடுத்த நொடி ரெண்டு பேரும் வூட்டுக்கு ஓட்டம்.

நான் போனப்போ இவர் செபப் புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சு உதறிக்கிட்டிருந்தார். கீழே அந்தோனியாரோடு ஒரே ஒரு கரடி.

"மேரி! இன்னொண்ணு எங்கே?"

"மாதாவுக்குக் குடுத்துட்டேங்க. வேணும்னா கோயிலுக்குப் போய், 'ஆத்தா, கரடியைத் திருப்பிக் குடு'ன்னு கேளுங்க."

கீழே கிடந்த கரடியைப் பொறுக்கிக்கிட்டார்.

"அப்ப பந்தயம்?"

"நீங்களும் ஜெயிக்கலை. அவரும் ஜெயிக்கலை."

"ஆடு?"

"பின்னால கட்டியிருக்குது. போய்த் தழை போடுங்க."

ஆட்டுக் கழுத்தைக் கட்டிக்கிட்டு அவர் விட்ட பெருமூச்சு எனக்கு அடுப்படியில் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் கஸ்பார் விட்டதும் கேட்டது.

"நல்லவேளை மேரி," என்றபடி உள்ளே வந்தார். "அவனுக்குக் கரடி கெடைச்சிருமோன்னு மூணு நாளா எனக்குச் சோறே எறங்கலை."

எனக்கு மட்டும் இறங்கிச்சா என்ன? பாப்பாவுக்குப் பாலை ஆத்திக் கொடுத்தப்பதான் எனக்கு உயிரே வந்தது. அவர் போகாம அங்கேயே நின்னார். குரலைத் தாழ்த்தினார்.

"மேரி... அடுத்த மாசம் சோப்புக் கம்பெனிக்காரனும் சீட்டுப் போடறானாம். இந்தத் தடவை பந்தயமெல்லாம் இல்லை, சத்தியமா. சீட்டை ஒளிச்சு வைக்க, நீ தொறக்காத எடமா ஒண்ணு... நீயே பாத்துச் சொல்லேன்."