மாப்பிள்ளைக்குப் பாதி வெளிச்சம்

வெள்ளைத் துணியில் விழுகிற வெளிச்சமெல்லாம் ஒன்றுதான் என்று நம்புகிறவர்கள் புரொஜெக்டர் பக்கம் போகக்கூடாது. நான் போனேன். அதுவும் இரண்டு புரொஜெக்டரோடு, சொந்த அக்காவின் கல்யாண வரவேற்புக்கு.

மயிலம் பக்கம் இன்ஜினியரிங் முடித்த புதிது (நான் முடித்தேன் என்பதைவிட, அது என்னை விட்டுவிட்டது என்பதே சரி). அக்காவும் மாப்பிள்ளையும் நிற்கும் நிச்சயதார்த்தப் படத்தைத் திண்டிவனத்து மண்டபத்தின் சுவர் அகலத்துக்குக் காட்டப்போவதாக உறவுகளிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். அவ்வளவு அகலத்துக்கு ஒன்று போதாது என்பதால் பாதிக்கு ஒன்று: இடது பாதிக்கு விழுப்புரத்தில் வாடகைக்கு எடுத்தது, புத்தம்புதுசு. வலது பாதிக்கு நண்பனுடையது, அதன் விளக்குக்கு ஓய்வுபெறும் வயது.

படம் விழுந்தது. இடது பாதியில் அக்கா ஜொலித்தாள். வலது பாதியில் மாப்பிள்ளை, மழை வரப்போகும் சாயங்காலத்தில் நிற்பவர்போல் மங்கிக் கிடந்தார். இரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய நடுப்பகுதியில், டியூப்லைட்டை நிமிர்த்தி வைத்தாற்போல் ஒரு வெள்ளைப் பட்டை.

மாப்பிள்ளையின் அத்தை எழுந்து வந்தார். "இன்னா தம்பி, உங்க அக்காவ மட்டும் பளபளன்னு காட்டிக்கினு, எங்க புள்ள மூஞ்சில கரி பூசி வச்சிருக்கற? நடுவுல இன்னா கோடு? இப்பவே பாகம் பிரிக்கிறியா?"

அம்மா என் காதோரம் வந்தாள். "ஜல்தியா சரி பண்ணுடா. இல்லன்னா அணைச்சிடு."

அணைப்பதா? போட்டோகிராபரிடம் வெளிச்சம் அளக்கும் மீட்டரைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு திரைக்கு முன்னால் போனேன். என் நிழல் மாப்பிள்ளையை முழுசாக விழுங்கியது. (அப்போது உள்ளே வந்தவர்கள், மாப்பிள்ளையை மாற்றிவிட்டார்கள் என்றே நினைத்திருப்பார்கள்.) இடப்பக்கத்தில் வெளிச்சம் இரண்டு மடங்கு. புது புரொஜெக்டரைக் குறைத்தேன். இருவரும் ஒரே நிறத்துக்கு வந்தார்கள். பட்டை மட்டும் போகவில்லை. இரண்டு விளக்கும் ஒரே இடத்தில் விழுந்தால் வெளிச்சம் கூடத்தான் செய்யும் என்று புரிய எனக்கு ஒரு மீட்டரும் ஒரு டிகிரியும் தேவைப்பட்டன.

ஸ்வீட் பாக்ஸின் அட்டையைக் கிழித்து, லென்ஸ்களுக்குச் சற்று முன்னால், படங்கள் சேரும் ஓரத்தை மட்டும் லேசாக மறைத்துப் பிடித்தேன். பட்டை மெல்லக் கரைந்து காணாமல் போனது. அட்டையை வைத்துவிட்டு நகர்ந்தால் ஃபேன் காற்று தள்ளிவிட்டது. எனவே கைக்கு ஒரு அட்டையாக, டிராபிக் போலீஸ்காரர்போல் வரவேற்பு முடியும்வரை நின்றேன்.

அத்தை திரையை வெகுநேரம் பார்த்தார். "இப்பதான் ஜோடியா இருக்காங்க" என்றார். கை வலி அந்த நிமிஷம் தெரியவில்லை.

அக்காவின் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட நான் இல்லை. ஆனால் இன்றும் வீட்டில் யாராவது கேமராவை எடுத்தால் அன்றைய மாப்பிள்ளையான மாமா முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, "மச்சான், நான் எந்தப் பக்கம் நிக்கட்டும்?" என்பார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய அத்தை பதில் சொல்லிவிடுவார்: "அவ பக்கத்துலயே நில்லுடா. வெளிச்சம் அங்கதான் இருக்குது."