சம்பந்திக்கு நான் வைத்த இரண்டு கொஞ்சல்

பாரிசில் நெடுங்காலம் இருந்தவனுக்குப் பிரெஞ்சு வராமல் போகலாம். கன்னத்துக்குக் கன்னம் முத்தம் வைத்துக் கொஞ்சும் பழக்கம் வராமல் போகாது. எனக்கு முதலாவது இன்னும் சரிவரவில்லை. இரண்டாவது எலும்பு வரை ஊறிவிட்டது. நான் வேலை செய்த உணவகத்தில் காலையில் பதினொரு பேரை வலம், இடம் என்று கொஞ்சி முடித்த பிறகுதான் வெங்காயத்தைத் தொடலாம். (முதல் மாதம் வெட்கத்தில் செத்தேன். இரண்டாம் மாதம் யாராவது கொஞ்ச மறந்தால் கோபித்துக்கொண்டேன்.)

அந்தக் காலத்தில்தான் நியூசிலாந்தில் வேலை பார்த்த என் தம்பி, கிஸ்போர்ன் ஊரில் ஒரு மாவோரிப் பூர்வகுடிப் பெண்ணைக் கட்டப்போவதாக அறிவித்தான். கடற்கரை, திராட்சைத் தோட்டம், எதற்கும் அவசரப்படாத சனம் என்று படம் படமாக அனுப்பினான். பாரிசில் தமிழர் கூடும் லா ஷப்பலில் இருந்து பதினான்கு பேர் கிளம்பினோம். அப்பா காலமாகிவிட்டதால் மாப்பிள்ளை வீட்டுத் தலைவன் நான். தம்பியின் பயமே அதுதான்.

பெண்ணின் தகப்பன் விரெமு, திராட்சைத் தோட்டக்காரர், சடங்கில் கண்டிப்பானவர். தம்பி தொலைபேசியில் கெஞ்சினான்.

“அண்ணை, அவையின்ர மண்டபத்திலை வரவேற்பு நடக்கும். நெத்தியும் மூக்கும் தொட்டு ஒருக்கா மூச்சை எடுக்கோணும், அவ்வளவுதான். அந்தாளுக்கு என்னிலை இன்னும் முழு நம்பிக்கை இல்லை. கெடுத்துப் போடாதேங்கோ.”

ஓம் ஓம் என்றேன். மனைவியோடு ஒரு மாதம் மூக்கில் மூக்கு வைத்துப் பயிற்சியும் எடுத்தேன். (கலியாணமாகிப் பதினாறு வருடத்தில் நாங்கள் அவ்வளவு நெருங்கி நின்றது அப்போதுதான்.)

வரவேற்பு நாள் காலை, ஊர் பார்க்கிறேன் என்று பக்கத்துத் திராட்சைத் தோட்டம் ஒன்றுக்குள் நுழைந்தேன். பாரிசில் இருந்து வந்தவன் என்றதும் ஆறு கிளாஸ் வைன் ஊற்றி அபிப்பிராயம் கேட்டார்கள். எனக்கும் வைன் கிளாசுக்கும் இருந்த உறவு கழுவும் தொட்டியோடு சரி. ஆனாலும் சுழற்றினேன், மோந்தேன், புருவத்தை உயர்த்தினேன். ருசித்துவிட்டுத் துப்புவதற்கு வாளி வைத்திருந்தார்கள். அடுத்தவர் வீட்டில் போய்த் துப்புவதா? ஆறையும் மரியாதையாக விழுங்கினேன்.

மண்டபத்தில் பேச்சும் பாட்டும் முடிந்து அவர்கள் வரிசையாக நின்றார்கள். முதலாவதாக விரெமு, கதவளவு மனிதர். கண்களை மூடிக் குனிந்தார். ஒரு மாதப் பயிற்சி எங்கே போனதோ தெரியாது, என் உடம்பு உணவகத்துக்குப் போய்விட்டது. வலக் கன்னத்தில் ஒன்று, இடக் கன்னத்தில் ஒன்று, சத்தத்தோடு வைத்தேன்.

அவர் கண்களைத் திறந்தார். நான் மன்னிப்புக் கேட்பதற்குள், கடைசி நேரத்தில் முறை மாறிவிட்டதாக்கும் என்று எண்ணி என் மனைவியும் இரண்டு வைத்தாள். பிறகு சித்தப்பா. பிறகு, சொந்தப் புருசனையே சபையில் தொட்டறியாத மாமி. மூத்தவன் செய்தால் முறையாகத்தான் இருக்கும் என்று எங்கள் சனத்துக்கு ஒரு நம்பிக்கை. பதினான்கு பேரும் அந்த மனிதரைக் கொஞ்சி முடித்தோம். தம்பியின் முகம் சாம்பலாகிவிட்டது. ஒரு கலியாணத்தையே குழப்பிவிட்டேன்.

விரெமு என் பிடரியைப் பிடித்து இழுத்தார். அடிதான் என்று நினைத்தேன். நெற்றியோடு நெற்றி, மூக்கோடு மூக்கு அழுத்தி நீளமாக மூச்சை எடுத்தார். பிறகு திரும்பி ஏதோ சொன்னார். மண்டபமே குலுங்கிச் சிரித்தது. தம்பி மெல்ல மொழிபெயர்த்தான்.

“கொஞ்சினது பரவாயில்லையாம். மூச்சிலை பக்கத்துத் தோட்டத்து வைன் மணக்குதாம். சம்பந்தி தன்ரை வீட்டுக்கு வராமல் அங்கை போய்க் குடிச்சதுதான் பிழையாம்.”

கலியாணம் நடந்தது. மூன்று வருடம் கழித்து விரெமு பாரிஸ் வந்தார். இந்த முறை பிழை விடக் கூடாது என்று ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில், போகிற வருகிற தமிழர் எல்லாம் பார்க்க, கண்களை மூடி மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். அவரும் வீட்டில் பயிற்சி எடுத்திருக்கிறார் போலும். சத்தத்தோடு இரண்டு கன்னத்திலும் இரண்டு விழுந்தன.

அதிலிருந்து இரண்டு குடும்பத்திலும் யார் வந்தாலும் முதலில் மூக்கு, பிறகு கன்னம். கிஸ்போர்னில் படிக்கும் தம்பியின் மகள் இதை யாழ்ப்பாணத்தாரின் பழைய வழக்கம் என்று பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்து, முழுப் புள்ளியும் வாங்கியிருக்கிறாள்.