எட்டில் ஒரு பங்குத் தேன்

ஒரு காட்டில், ஓரமாக செல்போன் கோபுரம் முளைத்த பிறகும் சிங்கமே அரசாண்ட காலத்தில், மாராயி என்றொரு கரடி இருந்தது. மாராயியும் நல்லசிவம் என்ற நரியும் தேனில் கூட்டாளிகள். (நரிக்கு நல்லசிவம் என்று பெயரா எனக் கேட்பவர்கள், பெயர் வைத்தது அதைப் பெற்றவள் என்பதை நினைவில் கொள்ளவும்.) மாராயி மரமேறி, கொட்டு வாங்கி, தேனடையை எடுத்து வரும். நரி கீழே நின்று மேற்பார்வை பார்க்கும். பங்கு பிரிப்பதும் நரிதான்.

"தங்கச்சி, உனக்கு நாலில் ஒரு பங்கு வேணுமா, எட்டில் ஒரு பங்கு வேணுமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கும்.

நாலைவிட எட்டு பெரிது என்பது மாராயிக்குத் தெரியும். எட்டையே கேட்கும். நரி பெருமூச்சு விட்டு, தனக்கு மீதி போதும் என்று சொல்லிவிடும். வெறும் மீதியை வைத்துக்கொண்டு பாவம் எப்படிப் பிழைக்கிறதோ என்று மாராயி இரக்கப்பட்டதும் உண்டு. ஆனால் மாராயியின் குட்டிகள் பசியோடு தூங்கின. பெரிய பங்கு வாங்கியும் வயிறு ஏன் நிறையவில்லை என்று அதற்கு விளங்கவில்லை. குட்டிகளுக்குப் பேராசை என்று நினைத்து இரண்டு அடி போட்டும் பார்த்தது.

இந்தச் சமயத்தில் தவமணி என்ற கொக்கு, வளர்ந்த விலங்குகளுக்கு இணையவழிக் கணக்கு வகுப்பு தொடங்கியது. சுற்றுலா வந்தவர்கள் விட்டுப்போன டேப்லெட் ஒன்று அதனிடம் இருந்தது. சிக்னல் மட்டும் காட்டிலேயே ஒரே இடத்தில்தான் கிடைத்தது: ஆற்றோரக் கரையான் புற்றின் உச்சியில். அதன்மேல் கொக்கு ஒற்றைக்காலில் நின்று பாடம் நடத்தும். கரையான் என்றால் கரடிக்கு உயிர். ஆனாலும் கல்விமேல் வைத்த மரியாதையால் மாராயி அந்தப் புற்றை மட்டும் தொடவில்லை. வகுப்பு முழுக்க அதன் வாயில் எச்சில் ஊறும். படிப்பில் ஆர்வம் என்று கொக்கு எடுத்துக்கொண்டது.

பாடங்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கென்று தயாரானவை. சரியான விடை சொன்னால் கைதட்டல் கேட்கும், தங்க நட்சத்திரம் சுழலும், "சூப்பர் செல்லம்" என்று ஒரு குரல் கொஞ்சும். பேரன் பேத்தி எடுத்த காட்டெருமை இதைக் கேட்டுவிட்டு, மானம் போகிறது என்று எழுந்து போனது. மறுநாள் நட்சத்திரத்துக்காக முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தது.

இணையவழிக் கல்வியின் சிறப்பு, அவரவர் வேகத்தில் போகலாம் என்பது. மற்றவை கழித்தலில் நிற்க, மாராயி முதல் ஆளாகப் பின்னத்துக்குப் போய்ச் சேர்ந்தது. திரையில் ஒரு பீட்சா வந்தது. காட்டில் யாரும் பீட்சா பார்த்ததில்லை. வறட்டி என்றது காட்டெருமை, சொந்த அனுபவத்தில். மாராயி அதைத் தேனடை என்று வைத்துக்கொண்டு நகத்தால் கோடு போட்டு வெட்டியது. இரண்டானது, நான்கானது, எட்டானது. வெட்ட வெட்டத் துண்டு சிறுத்தது. நகம் அப்படியே நின்றது.

"டீச்சர், எட்டில் ஒண்ணுன்னா இந்தத் துணுக்கா?"

"ஆமா. மீதியெல்லாம் அங்கே இருக்கு பார்."

மாராயி மீதியைப் பார்த்தது. அது அழத் தொடங்கியபோது டேப்லெட் கைதட்டி, "சூப்பர் செல்லம்" என்றது.

மாராயி நேராக நரியிடம் போய்க் கையை ஓங்கியது. வேடிக்கை பார்க்கக் குரங்குகள் கிளைக்குக் கிளை தொங்கின. நரி நகரவில்லை.

"படிச்சிட்டியா தங்கச்சி? சந்தோஷம். இனிமே ஆளுக்குப் பாதி. ஆனா ஒண்ணு கேக்கறேன், பாதி வாங்குற ஆளு மரமேறிக் கொட்டு வாங்கலாமா?"

மாராயி அப்படி யோசித்ததே இல்லை. ஓங்கிய கை மெல்ல இறங்கியது.

பொன்னம்பலம் என்ற மரநாயை வேலைக்குக் கூப்பிட்டன. அது நன்றாக மரமேறும். அதே வகுப்பில் கழித்தல் படித்துக்கொண்டிருந்தது. மாராயி, டேப்லெட்டின் அந்தக் கொஞ்சல் குரலிலேயே கேட்டது:

"செல்லம், உனக்கு எட்டில் ஒரு பங்கு வேணுமா, பதினாறில் ஒரு பங்கு வேணுமா?"

இவர்கள் மனம் மாறிவிடுவார்களோ என்ற பயத்தில் பொன்னம்பலம் அவசரமாக, "பதினாறுதான் அக்கா," என்றது. பிறகு கூச்சப்பட்டு, "அப்போ உங்களுக்கு?" என்று கேட்டது.

"எங்களுக்கு மீதி போதும்பா," என்று மாராயி பெருமூச்சு விட்டது.

குட்டிகள் கொழுத்தன. பொன்னம்பலம் உடம்பெல்லாம் வீங்கி, இளைத்து, இருந்தும் வகுப்பைத் தவறவிடாமல் படித்தது. ஒரு நாள் கொக்கு அதை எல்லார் முன்னும் பாராட்டி, மறுநாள் அதற்குப் பின்னம் ஆரம்பம் என்று அறிவித்தது. எல்லாம் கைதட்டின. அதிகம் தட்டியது மாராயிதான்.

மறுநாள் காலை புற்று இருந்த இடம் தரைமட்டமாக இருந்தது. டேப்லெட்டில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. கொக்கு நிற்க இடமில்லாமல் மேலே வட்டமடித்தது. கீழே, வாயைத் துடைத்தபடி மாராயி.

"நான் படிக்காத கரடிதானே டீச்சர்," என்றது அது. "எனக்கு என்ன தெரியும்?"

நீதி: கல்விக்கூடத்தை மதிக்க வேண்டும், நம்முடைய பாடம் முடிந்ததும் தின்றுவிட வேண்டும்.