ஜாப் ஒர்க்குக்குப் போன கேரம்

திருப்பூர்ல எந்த வேலையையும் ஒருத்தரே முழுசாச் செய்யறதில்லீங்க. நூலை ஒருத்தர் வாங்குவாரு. துணியா ஓட்டறதுக்கு இன்னொருத்தர்கிட்டப் போகும். சாயத்துக்கு வேற ஆளு, பிரிண்டிங்குக்கு வேற ஆளு. பட்டன் வெக்கறதுக்குன்னே ஒருத்தரு இருக்காரு. அவரு பட்டனை மட்டும்தான் வெப்பாரு. அந்தப் பட்டன் நுழையற ஓட்டையை, அதான் காஜாவை, எடுக்கச் சொன்னாக் கோவிச்சுக்குவாரு. இதுக்குப் பேரு ஜாப் ஒர்க்கு. எங்க ஊருல ஒரு பனியன் பதினாலு வாசப்படி ஏறி எறங்கித்தான் பொட்டிக்குள்ள போகும்.

நானும் அதே ஊருக்காரன்தானுங்க. பேரு மகுடேஸ்வரன். பன்னெண்டு தையல் மிஷின் வெச்சு யூனிட் நடத்தறேன். அதனால, பொண்டாட்டிகிட்டத் தோக்காம இருக்கற வேலையையும் ஜாப் ஒர்க்குக்கு விட்டேன். அங்கதானுங்க சோலி முடிஞ்சுது.

எங்க ஊட்டு முன்ரூம்பு என்னோட ஆபீஸு. ஏசி இருக்குது. காலண்டர் இருக்குது. எல்லாத்துக்கும் மேல ஒரு சுத்தற நாற்காலி இருக்குது. தலை சாய்க்கப் பஞ்சு வெச்சது, ரெண்டு பக்கமும் கைப்பிடி, அடியில அஞ்சு சக்கரம். யூனிட்டுக்கு நான் போனா டெய்லருங்க நிமிந்துகூடப் பாக்கமாட்டாங்க. ஊட்டுல கேக்கவே வேண்டாம். அந்த நாற்காலியில ஒக்காந்தாத்தான் நான் முதலாளின்னு எனக்கே ஞாபகம் வரும். ஒக்காந்து என்ன பண்ணுவீங்கன்னு கேக்கறீங்களா? போன்ல கேரம் ஆடுவேன். ஊரு பேரு தெரியாத ஆளுங்களோட, ஆன்லைன்ல.

போன திங்கக்கிழமை என் சம்சாரம் சுபஸ்ரீ ஆபீஸு வாசல்ல வந்து நின்னா. அவ ஒரு கம்பெனியில ஒன்பது வருசமா செக்கிங் சூப்பர்வைசர். ஒரு பனியனை ரெண்டு விரல்ல தூக்கிப் புடிச்சான்னா, எந்த ஊசி எத்தனை மணிக்குத் தையலை உட்டுதுன்னு சொல்லிப்போடுவா. புருசனையும் அப்படித்தான் தூக்கிப் புடிச்சுப் பாப்பா.

"ஏனுங்க, இந்த ரூம்பை எனக்குக் குடுங்க."

"எதுக்கு அம்மிணி?"

"கம்பெனியில இருந்து நின்னுக்கறேனுங்க. அவிநாசிப் பார்ட்டி ஒருத்தரு செக்கிங், பேக்கிங் ரெண்டையும் எனக்கே தனியாத் தாரேங்கறாரு. ரெண்டு டேபிள் போட்டு நாலு பொம்பளைங்களை வெச்சாப் போதும்."

"அப்ப என்னோட ஆபீஸு?"

"இங்க என்னுங்க ஆபீஸு நடக்குது?"

"என்ன இப்படிக் கேட்டுப்போட்ட? முக்கியமான முடிவெல்லாம் இங்க ஒக்காந்துதான் எடுக்கறேன்."

"நேத்து என்ன முடிவு எடுத்தீங்க?"

"நேத்து ஞாயித்துக்கிழமை. லீவு."

"முந்தாநேத்து?"

"ஞாயித்துக்கிழமை லீவு உடலாம்னு முடிவு எடுத்தேன்."

அவ சிரிக்கலை. "ஒன்பது வருசமுங்க. அடுத்தவிங்க டேபிள்ல நின்னு நின்னு காலு வீங்கிப்போச்சு. எனக்குன்னு ஒரு டேபிள் போட்டுப் பாக்கோணும்னு ஆசையா இருக்குதுங்க"ன்னா. சொல்றப்பக் குரல் சித்த எறங்கிப்போச்சு. எனக்கு மனசு உருகத்தான் செஞ்சுது. ஆனா நாற்காலி உடலை. ஒரு சுத்துச் சுத்தி, காலை நீட்டி, வாயைக் குடுத்துட்டேன்.

"கேரம்ல என்னை ஜெயிச்சுட்டு எடுத்துக்க, போ!"

மூணு வருசமா ஆடற ஆளு நானு. அவ போன்ல அந்த ஆட்டமே இல்லை. அந்தத் தெம்புதான்.

"சரிங்க"ன்னா. அவ்வளவு வெசையா 'சரி' சொன்னப்பவே நான் உசாராகி இருக்கோணும். "வர்ற ஞாயித்துக்கிழமை மத்தியானம். மூணு ஆட்டம். ரெண்டு ஜெயிச்சவிங்களுக்கு ரூம்பு."

அன்னிக்குச் சாயங்காலம் புது ஐடி ஒண்ணு போட்டு, "பழகிப் பாக்கலாமுங்களா?"ன்னா. பாவம், சொல்லிக் குடுப்போம்னு ஒக்காந்தேன். முதல் அடி அவளுது. ரெண்டாவது அடியும் அவளுது. மூணாவது, நாலாவது, எட்டாவது, எல்லாம் அவளுது. நான் ஸ்ட்ரைக்கரைத் தொடறதுக்கு முன்னாலயே ஆட்டம் முடிஞ்சு, 'நீங்கள் தோற்றுவிட்டீர்கள்'னு போன் சொல்லுச்சு.

"எப்படி அம்மிணி?"

"கம்பெனியில சாப்பாட்டு நேரத்துல பொண்ணுங்க போனை வாங்கிப் பொழுதுபோக்கா ஆடறதுதானுங்க."

பொழுதுபோக்காம்! எனக்கு வேர்த்து ஊத்துச்சு. ஏசி பதினெட்டுல ஓடுது, எனக்கு வேர்வை நிக்கலை. அந்த ஆட்டத்துல திருப்பூர்க்காரங்களுக்குன்னு ஒரு பட்டியல் இருக்குதுங்க. அதுல நான் நாலாயிரத்து முந்நூத்திப் பன்னெண்டாவது எடம். முதல் எடத்துல 'பிசிறு'ங்கற பேருல ஒருத்தன் ஒரு வருசமா அசையாம ஒக்காந்திருக்கான். எந்தக் காலேஜ் பையனோ! நான் மனசுக்குள்ள அவனுக்கு ஒரு கும்புடு போட்டுட்டு, "சாமி, உன் கையில பாதி குடு"ன்னு கேட்டேன்.

அப்பத்தான் மண்டையில பல்ப் எரிஞ்சுது. கையை எதுக்குக் கேக்கோணும்? ஆளையே வெச்சுக்கலாமே!

புதன்கிழமை காலையில யூனிட்டுக்கு ஓடுனேன். எங்க கட்டிங் மாஸ்டர் அப்புசாமி, நிஜப் பலகையில கேரம் ஆடிக் கப்பு வாங்குன ஆளு.

"மாஸ்டரு, ஒரு ஜாப் ஒர்க்கு இருக்குது."

"என்ன ஸ்டைலுங்க ஓனரு?"

"கேரம்."

சங்கதியைச் சொன்னேன். கத்திரியைக் கீழ வெச்சுட்டுக் கேட்டாரு. "ரொம்பச் சுளுவுங்க. உங்க ஐடியும் பாஸ்வேர்டும் குடுத்துருங்க. அந்த நேரத்துக்கு உங்க பேருல வேற போன்ல ஆட்டம் ஓடும். உங்க போன்ல ஆட்டம் தானா மூடிக்கும். நீங்க அதைக் கையில வெச்சு, சும்மா சுண்டற மாதிரி நடிச்சாப் போதும்."

"தப்பில்லையா மாஸ்டரு?"

"என்னுங்க தப்பு? லேபிள் உங்களுது, தையல் வேற ஆளுது. ஊரே அப்படித்தான நடக்குது?"

எனக்கு மனசாட்சி அங்கயே சமாதானம் ஆயிருச்சு. ஐடி 'மகுடம் கிங்'. பாஸ்வேர்டு எங்க கல்யாணத் தேதி. மறக்கக்கூடாதுன்னு வெச்சது.

"கூலி என்ன மாஸ்டரு?"

அப்புசாமி தலையைச் சொறிஞ்சாரு. "இருபது வருசமா நின்னே துணி வெட்டறேனுங்க. உங்க ஊட்டுல ஒரு சுத்தற நாற்காலி இருக்குதுங்களே..."

என் நாற்காலியையா கேக்கறாரு! ஆனா யோசிச்சுப் பாருங்க. ரூம்பு இருந்தா நாற்காலி வாங்கிக்கலாம். ரூம்பு போயி நாற்காலி மட்டும் இருந்தா, நடுத்தெருவுலயா ஒக்காந்து சுத்தறது? சரின்னுட்டேன்.

வெள்ளிக்கிழமை சுபஸ்ரீயே ஒரு ரூல் போட்டா. "ஏனுங்க, ஒண்ணா ஒக்காந்து ஆட வேண்டாம். நீங்க முன்ரூம்புல இருங்க, நான் உள்ரூம்புல இருக்கறேன். கதவைச் சாத்திக்கலாம். எட்டிப் பாத்தீங்கன்னு அப்பறம் பேச்சு வரக்கூடாது."

பழம் நழுவி என் மடியிலயே விழுந்துருச்சு. அன்னிக்கு ராத்திரி ரெண்டு தோசை சேத்துச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை நாற்காலியைத் தூக்கி ஆட்டோவுல ஏத்துனேன். "சக்கரம் கிறீச்சுங்குது, ரிப்பேருக்குப் போகுது"ன்னேன். "ஆமாங்க, நல்லாப் பாக்கச் சொல்லுங்க. ரொம்ப நாளைக்கு ஒழைக்கோணுமல்ல?"ன்னா. எவ்வளவு நல்ல பொம்பளைன்னு நெனச்சுக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணி. நான் பிளாஸ்டிக் ஸ்டூல்ல. அவ உள்ள. கதவு சாத்தியாச்சு. கையில செத்துப்போன போன். நடுவிரலை மடக்கிச் சுண்ட ஆரம்பிச்சேன்.

உள்ள இருந்து சத்தம்: "அய்யய்யோ! என்னுங்க இப்படி அடிக்கறீங்க?"

எப்படி அடிச்சேன்னு எனக்குத் தெரிஞ்சாத்தான? "ஹி ஹி! எல்லாம் பழக்கம்தான்!"

"ஒரே அடியில மூணு காயிங்க!"

"இன்னைக்குத்தான் கை சூடாயிருக்குது!"

"சிவப்புக் காயை மூலையில இருந்து மூலைக்குச் சுத்திவிட்டுப் போட்டீங்களே, அதை எனக்குச் சொல்லித் தருவீங்களா?"

"அது வராது அம்மிணி! மணிக்கட்டு வேணும்!"

"முதல் ஆட்டம் நீங்க ஜெயிச்சுட்டீங்க!"

ஸ்டூல் மேல ஏறி நின்னுட்டேன். ஏசியைக் கும்பிட்டேன். காலண்டரைத் தடவிக் குடுத்தேன். அப்புசாமி வாழ்கன்னு கத்த வாயெடுத்து, பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

ரெண்டாவது ஆட்டம் அவ ஜெயிச்சா. "போனாப் போகுது, பொம்பளைப்புள்ளை ஒண்ணு ஜெயிக்கட்டும்னு உட்டுக் குடுத்தேன்"னு கத்துனேன். "உங்க பெரிய மனசு யாருக்குங்க வரும்?"னு பதில் வந்துது.

மூணாவது ஆட்டம். சத்தமே காணோம். எனக்குப் பொறுக்கலை.

"அம்மிணி, இப்ப நெலவரம் என்ன?"

"உங்க போன்லயே தெரியுமுங்களே?"

"கண்ணு கூசுது. நீயே சொல்லு."

"எனக்கு இன்னும் ரெண்டு இருக்குதுங்க. உங்களுக்கு ஒரே காயி. அதுவும் குழி வாயிலயே நிக்குது. ஊதுனாலே விழுந்துரும். அடிங்க!"

அடிச்சேன். செத்த போன் மேல என் பலம் முழுசையும் சேத்து அடிச்சேன். நகம் பேந்துபோச்சு.

உள்ள இருந்து, "அட கெரகமே! காயோட சேத்து ஸ்ட்ரைக்கரையும் குழியில போட்டுட்டீங்களே? காயி திரும்ப மேல வந்துருச்சு. இனி என் அடிங்க. ஒண்ணு... ரெண்டு."

கதவு தெறந்துது. சுபஸ்ரீ அளக்கற டேப்போட வந்தா. நான் கத்தறதுக்கு முன்னால சுவத்தை அளந்து முடிச்சுட்டா.

நான் கொல்லைப்பக்கம் ஓடி அப்புசாமிக்குப் போனைப் போட்டேன். "மாஸ்டரு! ஒரு காயிய்யா! குழி வாயில நின்ன காயி!"

"நான் எங்கீங்க ஆடுனேன்?"

"என்னது?"

"ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் கட்டிங் போடச் சொன்னது நீங்கதான ஓனரு? கை ஒழியலை. அதான் எங்க பக்கத்து ஊட்டு டெய்லர் முனீஸுகிட்ட சப் காண்ட்ராக்டா உட்டேன். நாற்காலியையும் அவன்கிட்டயே குடுத்துட்டேன். பக்காவான ஆளுங்க!"

நான் நேக்கா ஒரு ஆள் வெச்சா, அந்த ஆளு ஒரு ஆள் வெச்சிருக்காரு! சண்டை போடவும் முடியாது. போட்டா சுபஸ்ரீ காதுக்குப் போயிரும். வாயை மூடிக்கிட்டுத் தோத்தேன்.

திங்கக்கிழமை காலையில டேபிள் ரெண்டும் வந்து எறங்குச்சு. நான் காலண்டரைக் கழட்டிக் கக்கத்துல வெச்சுட்டு வெளிய வர்றேன். வாசல்ல ஒரு டெம்போ நிக்குது. அதுல என் நாற்காலி! பாதி நாற்காலி. தலை சாய்க்கற பஞ்சைக் காணோம். ஒரு கைப்பிடியைக் காணோம்.

டெம்போவுல இருந்து ஒல்லியா ஒருத்தன் குதிச்சான். "நாந்தேன் முனீஸு. அண்ணே, இங்க பிசிறுங்கறது யாருண்ணே?"

"பிசிறா? திருப்பூர்லயே முதல் எடத்துல இருக்கற பிசிறா?"

"ஆமாண்ணே. அப்புசாமி அண்ணே ஒரு கேரம் வேலை குடுத்தாரு. எனக்குக் கேரம் எங்கிட்டுத் தெரியும்? லிஸ்டுல முதப் பேரு யாருன்னு பாத்து, வியாழக்கிழமை ஆட்டத்துச் சாட்டுலயே ஐடி, பாஸ்வேர்டோட வேலையைக் குடுத்துட்டேன். கூலி நாற்காலின்னு சொன்னேன். சரின்னாக. லொகேஷன் இந்த வீட்டத்தேன் காட்டுது."

"அந்தக் கைப்பிடி எங்க தம்பி?"

"அது என்னோட கமிஷனுண்ணே. தலைப் பஞ்சு அப்புசாமி அண்ணே கமிஷனு."

உள்ள இருந்து குரல் வந்துது: "இந்தப் பக்கம் கொண்டாங்க தம்பி. ஜன்னலோரம் வெச்சுருங்க."

முனீஸு வெச்சுட்டுக் கும்புடு போட்டுட்டுப் போயிட்டான். சுபஸ்ரீ நாற்காலியில ஒக்காந்தா. ஒரு கையை மிச்சமிருந்த கைப்பிடியில வெச்சா. ஒரு சுத்துச் சுத்துனா. என்னை உட அழகாவே சுத்துனா.

"நீயா பிசிறு?"

"ஒன்பது வருசமா பனியன்ல நீட்டிட்டு நிக்கற அந்த நூலுப் பிசிறைத்தானுங்க வெட்டறேன். வேற என்ன பேரு வெக்கறது?"

"அப்ப நேத்து என் பக்கம் ஆடுனது?"

"நானுதானுங்க. மடியில ரெண்டு போனு. உங்க பக்கம் ஒரு அடி, என் பக்கம் ஒரு அடி. கையே வலிச்சுப்போச்சு."

"இது ஏமாத்து வேலை! அநியாயம்!"

"ஆமாங்க. உங்க பக்கம் ஆடறதுக்கு ஆளு தேடுனது யாருங்க? இப்பவே நேருக்கு நேரா ஒரு ஆட்டம் போட்டுக்கலாமுங்களா?"

"வேண்டாம்."

அவ நாற்காலியை என் பக்கம் திருப்புனா. "ஒண்ணு சொல்லட்டுங்களா? பாவம், நாற்காலியைக் கூடக் குடுத்துட்டாரேன்னு உங்களையே ஜெயிக்க வெச்சரலாம்னுதான் இருந்தேன். அப்பறம் பாஸ்வேர்டைப் பாத்தேன். நம்ம கல்யாணம் பதிமூணாந்தேதிங்க. பதினாலுன்னு போட்டிருக்கறீங்க. அதுக்குத்தான் அந்த ஸ்ட்ரைக்கரைக் குழியில எறக்குனேன்."

நான் கக்கத்துல இருந்த காலண்டரைப் பாத்தேன். அதுலயும் பதினாலைத்தான் வட்டம் போட்டு வெச்சிருந்தேன்.

நாலு பொம்பளைங்க வர்றோம்னு சொன்னதுல மூணு பேருதான் வந்தாங்க. நாலாவது ஸ்டூல் காலியா இருந்துது. சுபஸ்ரீ ஒரு சின்னக் கத்திரியை எடுத்து என் கையில குடுத்தா. முன்னால ஒரு கட்டு பனியனை எடுத்துப் போட்டா.

எனக்கும் ரோசம்னு ஒண்ணு இருக்குதுங்களே. நெஞ்சை நிமித்தி முதலாளி கணக்காக் கேட்டேன். "மாசச் சம்பளமா, ஜாப் ஒர்க்கா?"

"ஜாப் ஒர்க்குதானுங்க. ஆனா இதையாவது வேற ஆளுகிட்ட உடாம நீங்களே வெட்டோணும்."