பிரின்ஸுக்கு வந்த படக்கார்டுகள்

பிரின்ஸ் காணாமல் போன மூன்றாம் நாள், அதன் பெயருக்குப் போர்ட் சைடிலிருந்து ஒரு படக்கார்டு வந்தது.

பிரின்ஸ், தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவின் நாய். துரையும் துரைசானியும், கான்வென்டில் படித்த ஆயா ஜோசப்பினையும் அழைத்துக்கொண்டு மத்தியதரைக் கடல் துறைமுகங்களைச் சுற்றிப் பார்க்கக் கப்பலேறியிருந்தார்கள். போகும்போது பங்களாவையும் நாயையும், எல்லாரும் 'அப்பு' என்று கூப்பிடும் சமையல்காரர் கந்தப்பனிடம் ஒப்படைத்திருந்தார்கள். இப்போது பங்களா மட்டும் இருந்தது.

கந்தப்பன் கார்டைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் கிளாக்கர் யேசுரட்ணத்திடம் ஓடினார். கிளாக்கர் ஆங்கிலத்தைத் தமிழாக்கிப் படித்தார்.

"அன்புள்ள பிரின்ஸ், இன்று ஒட்டகத்தில் ஏறினேன். அதன் உதடு நம் பெரிய கங்காணியின் உதடு மாதிரியே இருக்கிறது. நீ சாப்பிடுகிறாயா? அங்கே மழை எப்படி? பதிலை ஜோசப்பின் பெயருக்குப் போடு."

"நாய்க்கா எழுதியிருக்காங்க?"

"நாய்க்குத்தான். கீழ பேரு போடல. தொரைசானியாத்தான் இருக்கும்."

"தொரைசானிக்கு இந்த நாயக் கண்டாலே ஆகாதுங்களே. கம்பளத்துல ஏறுச்சுன்னா செருப்ப கழட்டுவாங்க."

"கடல் தாண்டினா பாசம் வந்துரும். என் மாமியார் இந்தியாவுக்குப் போனப்போ எனக்கே வந்துச்சு."

"அது ஏங்க பதில் மட்டும் ஜோசப்பின் பேருக்கு?"

"நாய்கிட்ட இருந்து கடிதாசு வருதுன்னா மத்த வெள்ளைக்காரங்க முன்னால வெக்கமா இருக்காதா? சரி, நடந்தத அப்படியே எழுதிருவோம்."

"எழுதினா நாளைக்கே நான் மலையேறி தேயிலை வெட்டுற கவ்வாத்துக் கத்தி புடிக்கணும். பன்னண்டு வருசமா கரண்டி புடிச்ச கைங்க, கிளாக்கரய்யா."

கிளாக்கர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். பிரின்ஸ் சுகமாக இருப்பதாகவும், மழை விட்டபாடில்லை என்றும் பிரின்ஸே எழுதியது.

அடுத்த கார்டு மால்டாவிலிருந்து. "கோட்டைச் சுவரில் நடந்தேன். பொன்னையா மகளுக்குக் குழந்தை பிறந்ததா? மாதா கோயிலுக்கு மணி கட்டியாகிவிட்டதா? உன் பாதத்தை மையில் தோய்த்து அனுப்பு."

"நாய்க்கு எதுக்குங்க கோயில் மணி?"

"அது நமக்கெதுக்கு? கேட்டதுக்குப் பதில் சொல்லணும். பாதத்துக்கு வழி பாரு."

தொழிலாளர் லயத்தில், கொழுந்து பறிக்கும் ராக்காயியின் வெள்ளச்சி இருந்தது. எலும்பும் தோலுமான பெட்டை நாய். அதன் காலைப் பிடித்து மையில் அழுத்தினார்கள். பிரசவச் செய்தியும் மணிச் செய்தியும் சேர்ந்து போயின.

நேப்பிள்ஸிலிருந்து வந்த கார்டில் கவலை தெரிந்தது. "எரிமலை பக்கத்தில் நின்றேன். உன் பாதம் பாதியாகிவிட்டதே! தினம் ஒரு றாத்தல் இறைச்சி சாப்பிடு. ஒரு போட்டோவும் வேண்டும்."

பிரின்ஸுக்குக் காது இரண்டும் பழுப்பு. வெள்ளச்சிக்கு வெள்ளை. கந்தப்பன் தொழிற்சாலையிலிருந்து தேயிலைத் தூள் வாங்கி வந்து, கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாகச் சாயம் காய்ச்சினார். காது பழுப்பேறியது. ஹட்டனிலிருந்து போட்டோக்காரர் வந்தார். வெள்ளச்சி பங்களா மெத்தையில் உட்கார்ந்து இறைச்சி தின்னத் தொடங்கியது.

ராக்காயி சமையலறை வாசலில் வந்து நின்றாள். "என் நாய்க்கு ஒரு றாத்தல் எறச்சி. எனக்கு ஒரு எலும்பு கூட இல்ல. அடுத்த தடவ என் காதுல பூசுங்க அப்பு, நானும் மெத்தையில குந்திக்கிறேன்."

மார்செய்யிலிருந்து கடைசிக் கார்டு வந்தது. "போட்டோவைக் கண்டேன். எவ்வளவு குண்டாகிவிட்டாய்! கண்ணீர் வந்தது. திரும்பிக்கொண்டிருக்கிறோம்."

குண்டானதற்குக் காரணம் இறைச்சி மட்டுமில்லை என்பது துரை வந்து சேரும் காலையில்தான் தெரிந்தது. பிரின்ஸின் மெத்தையில் வெள்ளச்சி நான்கு குட்டி போட்டிருந்தது. அதற்கு முன் மழையில் வேறு நனைந்துவிட்டு வந்திருந்ததால், காதுச் சாயம் கழுத்து வழியாக வழிந்துகொண்டிருந்தது.

கிளாக்கர் எட்டிப் பார்த்தார். "பிரின்ஸ் குட்டி போட்டுச்சுன்னு என்னால எந்த இங்கிலீசுலயும் எழுத முடியாது, கந்தப்பா."

கார் வந்து நின்றது. துரைசானி பாதியாக இளைத்து இறங்கினாள். மெத்தையைப் பார்த்தாள்.

"அப்பு, இது யார் நாய்? பிரின்ஸ் எங்கே?"

கந்தப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க போன மறு மாசமே காணாமப் போச்சுங்க தொரைசானி. தேடாத எடமில்ல."

"போச்சா?" துரைசானியின் முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லது. கெட்ட நாய் அது. டீ கொண்டு வா."

அவள் உள்ளே போய்விட்டாள். துரையும் பின்னால் போனார். கந்தப்பனின் கும்பிட்ட கை இறங்கவில்லை.

காருக்குப் பின்னால் ஜோசப்பின் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தாள். அவள் கைப்பையிலிருந்து ரிப்பன் கட்டிய ஒரு கடிதக் கட்டு சரிந்து விழுந்தது. எல்லாம் கிளாக்கரின் கையெழுத்து. மேலே வெள்ளச்சியின் போட்டோ.

கந்தப்பன் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அந்த ஒட்டகம், எரிமலை எல்லாம்?"

"கார்டுல இருந்த படத்தப் பாத்து எழுதினதுதான். தொரைசானிக்கு வழியெல்லாம் வாந்தி. பேசின் சட்டியப் புடிச்சுக்கிட்டே நின்னேன். ஒரு ஊர்லயும் கப்பல விட்டு எறங்கல." ஜோசப்பின் கடிதங்களைப் பொறுக்கி, மண்ணைத் தட்டி, மறுபடி ரிப்பனைக் கட்டினாள். "ஆயா எழுதினா நீங்க யாரு அப்பு பதில் போடுவீங்க? தொரை வீட்டு நாய்க்குன்னாத்தான் ஓடி ஓடிப் போடுவீங்க."