எர்ணாவூர் ஏரிக்கரையில் நவம்பர் மாத வானிலை குறித்து

இயேசு மரி சூசை துணை

எர்ணாவூர், ஏரிக்கரைத் தெரு.

மதிப்பிற்கும் பாசத்திற்கும் உரிய சம்பந்தி பிராங்கிளின் அவர்களுக்கு, கஸ்பார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பிலோமியும் மகள் கிறிஸ்டினாவும் இதுவரை நனையாமல் நலம். ராயபுரத்தில் தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளை ஜெபினும் அவ்வாறே உலர்ந்து நலமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். என் போனை என்னைவிட அதிகமாகப் பார்ப்பது கிறிஸ்டினாதான். இது அவள் பார்க்கக் கூடாத சங்கதி.

நவம்பர் கடைசியில் எங்கள் பக்கம் வானிலை எப்படி இருக்கும், கல்யாண விருந்துக்கு ஏரிக்கரை மைதானத்தில் பந்தல் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிற வேலையில் இருந்தவன் என்பதால் கேட்டீர்கள், நியாயம்தான். நான் கூண்டு ஏற்றினால் காசிமேட்டில் ஒரு படகும் கடலில் இறங்காது. அதெல்லாம் அந்தக் காலம். இப்போது நான் மழை வரும் என்று சொன்னால் பிலோமி ஈரத்துணியை எடுத்துக்கொண்டு வெளியே போகிறாள். வானிலை அறிக்கையோ ஓரிரு இடங்களில் பெய்யக்கூடும் என்கிறது. அந்த ஓரிரு இடத்தில் நம் பந்தலும் இருக்கக்கூடும். ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் மழைக்கு யாரும் அறிக்கையைப் பார்ப்பதில்லை. ஒரு அம்மாள் வந்து சொல்லிவிட்டுப் போவார்.

சிரிக்காதீர்கள் சம்பந்தி. நாங்கள் இங்கே குடிவந்த முதல் ஐப்பசியில், நல்ல வெயிலில், நான் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன், முழங்கால்வரை சேலை நனைந்த ஒரு அம்மாள் வந்து நின்று, "நைனா, அரிசி டிரம்ம தூக்கி கட்டிலு மேல வையி" என்றார். தெருவில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது, அவர் நின்ற இடத்தில் மட்டும் தண்ணீர் தேங்கிக்கொண்டிருந்தது. குழாயடியிலிருந்து வருகிறார்போல என்று நினைத்து, வங்கக் கடலில் இப்போது எந்தக் காற்றழுத்தத் தாழ்வும் இல்லை என்று நான் விளக்கமாக எடுத்துச் சொன்னேன், அவரும் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடுத்த வீட்டு ரமாபாயிடம் போய் அதையே சொன்னார். ரமாபாய் ஏற்றி வைத்தாள், நான் வைக்கவில்லை. அந்த வாரமே ஏரி வீட்டுக்குள் வந்து, கட்டில் சட்டத்தைத் தொட்டு, அதற்கு மேல் ஒரு விரல்கூட ஏறாமல் நின்றது. எங்கள் டிரம் மிதந்துபோய் ரமாபாய் வீட்டுக் கதவை இடித்தது. யாரோ தட்டுகிறார்கள் என்று அவள் உள்ளேயிருந்து பெயர் கேட்டாளாம்.

மறு வருஷம் அந்த அம்மாள் பரண் என்றார். ஃபிரிட்ஜிலிருந்து பூண்டு வரைக்கும் மாடி வீட்டுக் கோதண்டத்திடம் கொண்டுபோய் அடைத்தோம். அவர் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர், மறுக்க முடியவில்லை, பாவம் எங்கள் ஃபிரிட்ஜில் சாய்ந்தபடியே தூங்கினார். தண்ணீர் பரணை ஒட்டி நின்றது. போன வருஷம் வாசற்படி வரைதான், பயப்படாதே என்றார். தண்ணீரும் வாசற்படி வரை வந்து, கூப்பிடாத வீட்டுக்குள் நுழையக் கூச்சப்படுகிற விருந்தாளி மாதிரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது. வீடு தப்பியது, தெரு தப்பவில்லை. போன நவம்பரில் குறித்த கல்யாணம் நின்றதும் அதனால்தான், உங்களுக்கே தெரியும்.

இவ்வளவு சரியாகச் சொல்கிறவரைச் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்தே ஆகவேண்டும் என்று கோதண்டம் அவரிடம் நம்பர் கேட்டார். தயங்காமல் கொடுத்தார். போட்டுப் பார்த்தால், குடத்தில் தண்ணீர் நிறைகிற சத்தம் கேட்கிறது, நிறைந்துகொண்டே இருக்கிறது. வீடு எங்கேம்மா என்று கேட்டதற்கு, அதோ அங்கேதான் என்று கை காட்டினார். அந்தப் பக்கம் ஏரியைத் தவிர வேறொன்றும் இல்லை. பிலோமி ஒரு தடவை டீ கொடுத்தாள். மடமடவென்று குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார், டம்ளர் நிறைந்தே இருந்தது. மேலே மிதந்ததை டீத்தூள் என்றுதான் பிலோமி நினைத்தாள், அது நீந்துகிறவரை.

இந்த வருஷம் அவர் வரவே இல்லை. எங்கள் தெருவில் யார் வீட்டுக்கும் வரவில்லை. மழை பொய்த்துவிடும் என்று கோதண்டம் குஷியாக இருக்கிறார். பிலோமி சாப்பிடுவதில்லை. "சொன்னா ஏத்தி வெச்சிக்கலாம். சொல்லாம வந்தா இன்னா பண்றது?" என்கிறாள். டிசம்பர் பிறந்தால் மாப்பிள்ளை கப்பலேறிவிடுவார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் சாமியாரும் கல்யாணம் செய்துவைக்க மாட்டார். இந்த நவம்பரை விட்டால் அடுத்த வருஷம்தான். கிறிஸ்டினா கல்யாணப் புடவையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைக்கிறாள், அதைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை.

ஆகவே என் யோசனை இதுதான். தேதி மாறவேண்டாம். விருந்தை மட்டும் உங்கள் வீட்டு மாடியில் வைத்துக்கொள்வோம். கீழே அரிசி மண்டி, மேலே இரண்டு தளம், உங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்ததாகச் சரித்திரமே இல்லை என்று நிச்சயதார்த்தத்தன்று நீங்களே மார்தட்டிச் சொன்னீர்கள். அதைவிடப் பத்திரமான இடம் சென்னையில் எனக்குத் தெரியவில்லை.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர். மண்டியில் மூட்டைகள் குறையாமலும், இருக்கிற மூட்டைகளில் வண்டு விழாமலும் மாதா காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி,
கஸ்பார்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது அந்த அம்மாள் வந்துவிட்டார். இந்தத் தடவை சேலை கழுத்துவரை நனைந்திருந்தது. எதை எங்கே ஏற்றி வைக்கட்டும் என்று கேட்டேன். உங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, ராயபுரத்தில் அரிசி மண்டி பிராங்கிளின் வீட்டுக்கு எப்படிப் போவது என்று விசாரித்தார். வாசலுக்கு வந்து வழி கேட்கிறவருக்குச் சொல்லாமல் இருப்பது மரியாதையா? பாரிமுனை பஸ் ஏறி, கல்மண்டபத்தில் இறங்கி, கோவிலைத் தாண்டி இடது பக்கம் என்று பிசகில்லாமல் சொல்லிவிட்டேன். மன்னிக்க வேண்டும். நாலடி போனவர் திரும்பி, "அவங்க வூட்ல மொட்ட மாடி கீதா?" என்றார். இருக்கிறது என்றேன். "அப்ப செரி" என்றார்.

உடனே உங்கள் மண்டிக்குப் போன் அடித்தேன். கடை ஆள்தான் எடுத்தார். "முதலாளி பேசிக்கிட்டு இருக்காவ. யாரோ ஒரு அம்மா வந்திருக்காவ, சேலையெல்லாம் சொட்டச் சொட்ட" என்றார். போனும் கையுமாக வாசலுக்கு ஓடினேன். அந்த அம்மாள் எங்கள் தெருமுனையைக்கூட இன்னும் தாண்டவில்லை, நடந்துகொண்டிருந்தார்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். உங்கள் வீட்டில் விருந்து வேண்டாம், எங்குமே வேண்டாம். கோவிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது, மறுப்புச் சொல்ல யாரும் வரவில்லை. தண்ணீர் முந்திக்கொள்வதற்குள், நாளைக் காலை உங்கள் கோவில் பூசையிலேயே மாலை மாற்றிக்கொள்ளட்டும். சாமியார் காலில் விழுவது என் பொறுப்பு. கிறிஸ்டினா புடவையோடு ஆட்டோவில் உட்கார்ந்துவிட்டாள், பிலோமியும் ஏறிவிட்டாள். இதையெல்லாம் வாயால் சொல்ல எனக்கு வராது, அதனால் கடிதத்தை நானே கொண்டுவந்து உங்கள் கையில் தருகிறேன். படித்து முடித்ததும் என்னிடம் எதுவும் கேட்காமல், மொட்டை மாடிக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.